தான் போட்ட கோட்டைத் தாண்டியவர்

இந்த மனிதரின் கைவேலையை மிதிக்காமல் ஊரில் ஒருவரும் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்ச் சேர முடியாது. மேயர் மிதிக்கிறார். மேயரைத் திட்டிக்கொண்டே பஸ் பிடிக்க ஓடுகிறவரும் மிதிக்கிறார். ஆனால் இது யார் செய்தது என்று இன்றுவரை ஒருவர் வாய் திறந்து கேட்டதில்லை. சுவரில் படம் வரைகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. மூலையில் கையெழுத்துப் போட இடம் உண்டு; தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள ஆள் உண்டு. இவருக்கு வாய்த்தது தார்ச்சாலை. அதன்மேல் வெள்ளைக் கோடு போடுவது இவர் உத்தியோகம். சாலைத்துறையில் இவருக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. அது அடையாள அட்டையிலேயே முழுசாக அடங்காமல் பாதியில் நிற்கிறது. ஆகவே மேலதிகாரி முதல் டீக்கடை வரை எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர்.

கோடு போடுவது என்றால் வாளியில் பெயிண்டைக் கரைத்துத் தூரிகையால் இழுப்பது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோட்டுக்காரர் அவர்களை மன்னித்துவிட்டார். லாரியின் முதுகில் ஒரு கொதிகலன் இருக்கும். அதில் வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கூழ்ப் பதத்துக்கு உருக்குவார்கள். சாலையில் நூல் கட்டிச் சுண்ணாம்பால் தடம் அடிப்பார்கள். தள்ளுவண்டி மாதிரி ஒரு இயந்திரத்தில் அந்தக் கொதிக்கிற கூழை ஊற்றியதும் கோட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ள ஆரம்பிப்பார். தள்ளி முடிக்கும்வரை அவரிடம் யாரும் பேசக்கூடாது. கோடு முடிந்ததும் அதன்மேல் கண்ணாடித் துகளைத் தூவுவார்கள். அதனால்தான் இருட்டில் விளக்கு வெளிச்சம் பட்டால் கோடு மின்னுகிறது.

அதற்கப்புறம் நடப்பது எந்த விதிமுறையிலும் இல்லாதது. கோட்டுக்காரர் நடுச்சாலையில் குப்புறப் படுப்பார். கன்னத்தைத் தாரோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்ப்பார். போகிறவர் வருகிறவர் விபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்துவதும், ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவதும் உண்டு. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "பரவாயில்ல, நிக்கும்" என்பார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கக் கோடு நிஜமாகவே நேராக இருந்தாக வேண்டும்.

இந்தத் தொழிலில் தலையாய விதி ஒன்றுதான். ஆறாத கோட்டின்மேல் டயர் படக்கூடாது. பட்டால் அந்தத் தடம் ஊர் உள்ளவரை பல்லிளிக்கும். ஆறி இறுகிவிட்டால் லாரி ஏறினாலும் கவலையில்லை. இது கோட்டுக்காரருக்கும் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். ஆனால் தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவேண்டுமே. இத்தனை வருஷத்தில் அந்த விதி அவர் உடம்பில் ஊறிவிட்டது. போன வருஷம் போட்ட கோடாக இருந்தாலும் சரி, அடுத்த ஊர்க்காரன் போட்ட கோடாக இருந்தாலும் சரி, அவர் மிதிக்கமாட்டார். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் வெள்ளைப் பட்டைகளை விட்டுவிட்டுக் கறுப்பில் மட்டும் கால் வைத்துத் தாவித் தாவிப் போவார். கூட வரும் மனைவி, யாரோ எவரோ என்கிற முகத்தோடு நாலடி தள்ளி வருவார்.

ஸ்கூட்டர் ஓட்டும்போது இது இன்னும் விசேஷம். சாலையில் இருக்கிற அம்புக்குறி, இடைவெளிக் கோடு எதிலும் டயர் படாமல் அவர் வளைந்து நெளிந்து போவதைப் பின்னாலிருந்து பார்க்கிற எந்தப் போலீஸ்காரருக்கும் ஒரே ஒரு சந்தேகம்தான் வரும்.

"ஓரம் கட்டுங்க. ஊதுங்க."

கோட்டுக்காரர் ஊதுவார். கருவி ஒன்றும் சொல்லாது. போலீஸ்காரர் கருவியைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொல்வார். மறுபடியும் ஒன்றும் இருக்காது. வாழ்நாளில் டீயைத் தவிர வேறொன்றும் குடிக்காத மனிதர். அந்த ஏமாற்றத்தில் லைசன்ஸைக் கேட்பார்கள், வண்டிப் புத்தகத்தைக் கேட்பார்கள், பின் விளக்கை எரியவிடச் சொல்வார்கள். எல்லாம் இருக்கும், எல்லாம் எரியும். போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது என்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டி, கேட்பதற்கு முன்பே காகிதப் பையை நீட்டிவிடுவார். பேச்சில் அவசரமும் இருக்காது, குழைவும் இருக்காது. இப்படி எத்தனையோ தடவை நிறுத்தப்பட்டும் அவர்மேல் ஒரு அபராதச் சீட்டுகூடக் கிழிக்கப்பட்டதில்லை. மற்றவர்கள் பதக்கம் வாங்கியதைச் சொல்கிற தோரணையில் அவர் இதைச் சொல்வார்.

அப்படிப்பட்டவரைத்தான் தபால் நிலையச் சந்திப்பில் பிடித்தார்கள்.

அந்தச் சந்திப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சாலை சாய்வாக வந்து சேர்கிறது; தரையும் ஒரு பக்கம் தாழ்வு. அந்த இடத்தில் சிக்னலுக்கு முன்னால் நிறுத்தக்கோட்டை நேராகப் போடுவது சாய்ந்த பலகையில் தண்ணீரை நிற்கச் சொல்வது மாதிரி. கோட்டுக்காரர் போட்டிருந்தார். சென்ற கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரே தள்ளில். அன்று தரையில் படுத்துப் பார்த்தவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எழுந்திருக்கவில்லை. கூட இருந்தவர்கள் நிஜமாகவே பயந்துபோனார்கள். எழுந்தபோது, "பரவாயில்ல" என்பதைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் எங்கே குரல் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று கொதிகலனைத் திட்டப் போய்விட்டார்.

அந்தக் கோட்டின் முன்னால்தான் சம்பவம். சாயங்காலம், வேலை முடிந்து வருகிறார். மஞ்சள் விளக்கு விழுந்தது. பிரேக்கைப் பிடித்தார். வண்டி மெதுவாகி மெதுவாகி நிற்கப் போகிற இடம் எது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது: முன் டயர் சரியாகக் கோட்டின்மேல். குறுக்கே ஓடுகிற கோட்டை உருண்டு கடக்காமல் வழியில்லை, அதை அவர் தனக்கு மன்னித்திருந்தார்; ஏறி நிற்பதை மன்னிக்கமாட்டார். தலைக்குச் சொல்லியனுப்ப நேரமில்லாததால் கை தானாகவே முடிவெடுத்தது. பிரேக்கை ஒரு நொடி விட்டது. முன் சக்கரம் கோட்டைத் தாண்டிப் போனதும் மறுபடி பிடித்தது. வண்டி நின்றது. முன் டயர் அந்தப் பக்கம், பின் டயர் இந்தப் பக்கம், நடுவில் கோடு, அதன்மேல் ஒரு தூசி இல்லை. கோட்டுக்காரர் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

நிமிர்ந்தபோது போலீஸ்காரர் பக்கத்தில் நின்று செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். இளவயசு. சட்டையின் மடிப்பு இன்னும் புதுசாக இருந்தது.

"தாண்டிட்டீங்க."

"எதைங்க?"

"கோட்ட. சிவப்பு விழுந்துருக்கு, முன் சக்கரம் எங்க நிக்குது பாருங்க."

"சார், டயர்ல பாருங்க. ஒரு பொட்டு வெள்ளை ஒட்டியிருக்கா?"

போலீஸ்காரர் அனிச்சையாகக் குனிந்து டயரைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார். "கோட்ட தொட்டா தப்புன்னு யாரு சொன்னது? தாண்டுனாத்தான் தப்பு."

"மேல நிக்கக்கூடாதுன்னுதான் தாண்டினேன்."

"ஓ. அடுத்தவாட்டி சிக்னல்ல இடிக்கக்கூடாதுன்னு பறந்து போவீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க தம்பி. இது எப்படிப்பட்ட கோடுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். தாண்டக்கூடாத கோடு" என்று சொல்லி அவர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

சீட்டில் குறித்திருந்த குற்றம் சிவப்பு விளக்கில் நிறுத்தக்கோட்டைத் தாண்டியது. ஒப்புக்கொண்டால் அபராதம், அத்தோடு போகாது, லைசன்ஸும் மூன்று மாதம் முடக்கம். மறுத்தால் நீதிமன்றம். அபராதம் கோட்டுக்காரருக்கு உறைக்கவில்லை. லைசன்ஸ் உறைத்தது. லைசன்ஸ் இல்லாதவர் லாரி ஓட்டக்கூடாது, கோடு போடும் இயந்திரத்தைத் தள்ளக்கூடாது என்பது துறை விதி. அப்படிப்பட்டவருக்குத் துறையில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. வேலை நடக்கிற இடத்துக்கு நூறடி முன்னால் நின்று, வருகிற வண்டிகளுக்குச் சிவப்புக் கொடி காட்டுவது. அந்தக் கொடியைப் புதிதாகச் சேர்ந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். அவனும் வெட்கப்பட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான்.

மனைவி துணிக்கடையில் அளவு திருத்தும் பிரிவில் இருக்கிறவர். நாளெல்லாம் துணியில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு, அதன்மேல் தைத்து, கோட்டை ஊதி விட்டுவிடுகிறவர். கோட்டில் இவ்வளவு உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது என்பது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து விளங்காத விஷயம். ஆனால் வெளியில் யாராவது அதைச் சொன்னால் விடமாட்டார். சீட்டை இரண்டு பக்கமும் படித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி, அதாவது கோட்டுக்காரரின் மச்சினன், வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. வக்கீலுக்குச் சட்டம் தெரியும் என்றும், மச்சினனுக்கு நீதிமன்றம் தெரியும் என்றும் அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது மச்சினன்தான்.

வந்ததும் சீட்டைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"இதுக்கா மாமா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? ஒரு வாக்கியம். ஒரே வாக்கியம். சொல்லிட்டு வீட்டுக்கு வந்துடலாம்."

"என்ன வாக்கியம்?"

"கோடு மங்கிப் போயிருந்துச்சு, கண்ணுக்குத் தெரியல. அவ்வளவுதான். சந்தேகத்தோட பலன் உங்களுக்கு."

கோட்டுக்காரர் டீயைக் கீழே வைத்தார். "எந்தக் கோடு?"

"தபாலாபீஸ் கோடுதான்."

"அது மங்கியிருக்கா?"

"மங்கியிருக்கோ பளபளன்னு இருக்கோ, யாரு போயி பாக்கப்போறா? பேப்பர்ல மங்கியிருந்தா போதும்."

"மாப்ள, அந்தக் கோட்டப் போட்டது நான்."

"அதனாலதான் மாமா நீங்க சொன்னா நம்புவாங்க."

அக்கா குறுக்கிட்டார். "டேய், அவரு வாயால அதச் சொல்லணுமா? நீ எழுதிக் குடுத்தா ஆகாதா?"

"குத்தம் சாட்டப்பட்டவருதான்கா சொல்லணும். கோழிக்குப் பதிலா கூவ நான் ஆள் அனுப்ப முடியுமா?"

கோட்டுக்காரர் வெகுநேரம் யோசித்து ஒரு சமாதானத் திட்டத்தை முன்வைத்தார். "இப்படிச் சொல்றேன். கோடு நல்லாத்தான் இருந்துச்சு, என் கண்ணுதான் சரியில்ல."

"பேஷ். மூணு மாசத்துக்குப் பதிலா ஆயுசு முழுக்க லைசன்ஸ் போயிடும். கொடியைப் புடிச்சுக்கிட்டே ஓய்வு பெறலாம்."

கடைசியில் கோட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். கொடி ஒரு பக்கம், வாக்கியம் ஒரு பக்கம் என்று நிறுத்திப் பார்த்ததில் வாக்கியம் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் வாக்கியம் பழகவில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்ப்பார். "கோடு" என்பது கம்பீரமாக வரும். அதற்கப்புறம் இருமுவார். மறுபடி "கோடு." மறுபடி இருமல். உள்ளேயிருந்து மனைவி, "இருமலுக்கு மருந்து வாங்கிக்கிட்டு வரவா, இல்ல வேற வாக்கியம் வாங்கிக்கிட்டு வரவா?" என்று கேட்டார்.

விசாரணை நாளில் மனைவி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே வந்தார். போக்குவரத்து வழக்குகளை விசாரிக்கிற அறை பள்ளிக்கூட வகுப்பு மாதிரி இருந்தது. நீளமான பெஞ்சுகள், உயரத்தில் ஒரு காற்றாடி, மேடைமேல் நீதிபதி அம்மாள். அவருக்குச் சளி பிடித்திருந்தது. மேஜையில் வெந்நீர்க் குடுவை. ஒரே சந்திப்பில் பிடிபட்டவர்களை ஒரே கட்டாக விசாரிப்பது அங்கே வழக்கம். ஆகவே கோட்டுக்காரர் உட்கார்ந்த பெஞ்சில் எல்லோரும் தபால் நிலையச் சந்திப்புக்காரர்கள். பெஞ்சின் கோடியில், கையில் கோப்போடு, அந்த இளம் போலீஸ்காரர். அவரைப் பார்த்ததும் கோட்டுக்காரர் வழக்கம்போலக் காகிதப் பையை நீட்டப் போய், நினைவு வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் தண்ணீர் கேன் வண்டிக்காரர் கூண்டில் ஏறினார்.

"அம்மா, கோடு மங்கிப் போயிருந்துச்சும்மா, கண்ணுக்குத் தெரியல."

கோட்டுக்காரர் திரும்பி மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

அடுத்தது அழகு நிலையம் வைத்திருக்கிற ஒரு பெண்மணி, கார்க்காரர். "கோடு மங்கிப் போயிருந்தது மேடம். கண்ணுக்குத் தெரியல." அதற்கடுத்து ஒரு காப்பீட்டு முகவர். அவர் ஒரு படி மேலே போனார். "கோடு மங்கிப் போயிருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. போட்ட ஆசாமி எங்கயாவது பராக்குப் பாத்துக்கிட்டே போட்டிருப்பார்னு நினைக்கிறேன்." அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. நீதிபதி அம்மாளும் மூக்கைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார்.

கோட்டுக்காரருக்குக் காது சூடானது. அவருடைய மச்சினன் ஒரே வாக்கியத்தை அந்தப் பெஞ்சு முழுவதற்கும் விற்றிருந்தான். அது குடும்ப விஷயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரை உறுத்தியது வேறு. ஊரில் இத்தனை பேர் வரிசையாக நின்று, சத்தியம் செய்துவிட்டு, தன் கோட்டைப் பழிக்கிறார்கள். தான் கைகட்டி உட்கார்ந்திருக்கிறோம். போதாததற்குத் தன் முறை வந்ததும் தானும் எழுந்து அதையே சொல்லப் போகிறோம்.

போலீஸ்காரர் எழுந்தார். "அம்மா, கோடு நல்லாத் தெரியுதும்மா. நான் தினம் பாக்கறேன்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. வழக்கு உங்களோடது" என்றார் நீதிபதி. "ஒருத்தர் சொன்னா சாக்கு. இத்தனை பேர் ஒரே மாதிரி சொன்னா அதுல ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

ஒரே மாதிரி சொன்னதற்கு வேறு அர்த்தமும் இருக்கலாம் என்று போலீஸ்காரர் முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை. பாவம், புதுச் சட்டைக்காரர். அவர் போட்ட வழக்கெல்லாம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

நீதிபதி அம்மாள் வெந்நீர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டச்சரைப் பார்த்து ஆரம்பித்தார். "எழுதிக்கோங்க. மேற்படி சந்திப்பில் நிறுத்தக்கோடு முறையாகவும் தெளிவாகவும் போடப்படவில்லை என்று இந்த நீதிமன்றம்..."

"அம்மா, ஒரு நிமிஷம்."

எழுந்தது கோட்டுக்காரர். தான் எழுந்துவிட்டது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. மச்சினன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"உங்க முறை வரும். உட்காருங்க" என்றார் நீதிபதி.

"என் முறை வர்றதுக்குள்ள நீங்க எழுதி முடிச்சிடுவீங்கம்மா."

"யார் நீங்க?"

"அடுத்த கேஸு. அதே கோடு."

"உங்களுக்கும் தெரியலையா?"

வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொன்னால் லாரி, இயந்திரம், மரியாதை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். மனைவியைப் பார்த்தார். மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை.

"தெரிஞ்சுதும்மா. நல்லாத் தெரிஞ்சுது. நான்தான் போட்டேன்."

மச்சினன் சட்டையை விட்டான். மூழ்கப் போகிற படகைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது.

"நீங்க போட்டதா?" நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஆமாம்மா. போன கோடையில. மங்கலாவும் இல்ல, கோணலாவும் இல்ல. இவங்க ஒவ்வொருத்தரும் அதப் பாத்துட்டுத்தான் தாண்டியிருக்காங்க. பராக்குப் பாத்துக்கிட்டுப் போட்டேன்னு சொன்னாரே, அவரு மட்டும் வேணா பராக்குப் பாத்துக்கிட்டுத் தாண்டியிருக்கலாம்."

பெஞ்சில் ஒரு முனகல். தண்ணீர் கேன் வண்டிக்காரர், "ஐயோ, இந்தாள யாரு கூட்டிக்கிட்டு வந்தது" என்று பக்கத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தது மச்சினன். அவன், "தெரியலீங்க" என்றான்.

இதற்கிடையில் போலீஸ்காரர் முகத்தில் விளக்கு எரிந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். "அம்மா, அவரோட வண்டிய நான் போட்டோ எடுத்திருக்கேன். அதுலயே கோடு இருக்கு, பாருங்க."

நீதிபதி அம்மாள் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கோட்டுக்காரர் கூண்டு பக்கமாக நகர்ந்து எட்டிப் பார்த்தார்.

"அந்த வலது ஓரத்தையும் கொஞ்சம் பாருங்கம்மா. தரை அங்கதான் தாழ்வு."

"நான் வண்டியப் பாக்கணும்."

"பாருங்கம்மா. வண்டிய அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் போகாது."

நீதிபதி அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலது ஓரத்தைப் பார்த்தார் என்பதையும் உண்மையின் பொருட்டுச் சொல்லவேண்டும். அதற்கப்புறம்தான் வண்டிக்கு வந்தார்.

"வண்டி கோட்டைத் தாண்டித்தானே நிக்குது?"

"ஆமாம்மா."

"அப்ப சிவப்பு விளக்கு?"

"சிவப்புதாம்மா."

"கோடு போட்டவர் நீங்க. கோடு தெரியுதுன்னு சொல்றவரும் நீங்க. பின்ன ஏன் தாண்டினீங்க?"

"முன் டயரு மேல ஏறி நிக்கப் பாத்துச்சு. அது மேல டயர் படக்கூடாதும்மா. அதான் தாண்டவிட்டேன்."

"படக்கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு?"

"சட்டத்துல இல்லம்மா. கையில இருக்கு."

"கோட்டுக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கலாமே?"

கோட்டுக்காரர் யோசித்தார். அந்த எண்ணம் இதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. "நிறுத்தியிருக்கலாம்" என்றார். "அது தப்புதான். அதுக்கு என்ன தண்டனையோ குடுத்துடுங்க. கோட்ட விட்டுடுங்க."

நீதிபதி அம்மாள் நாற்காலியில் சாய்ந்தார். தன் வழக்கில் தனக்கெதிராக இவ்வளவு சிரத்தையாக வாதாடிய ஒருவரை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். தட்டச்சரிடம், முன்னால் சொன்னதை அடித்துவிடச் சொன்னார். பிறகு நிதானமாக, சளியோடு, சொல்ல ஆரம்பித்தார். கோட்டுக்காரர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சர்க்கார் விருது அறிவிப்பைக் கேட்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டார். தண்டனை வாசகம் வந்தபோது தலையாட்டினார். லைசன்ஸ் மூன்று மாதம் முடக்கம் என்றபோதும் தலையாட்டினார். கோடு பற்றிய பகுதி வந்தபோது மட்டும் தலையாட்டவில்லை. கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார். கேன் வண்டிக்காரர், அழகு நிலையக்காரர், காப்பீட்டு முகவர் எல்லோருக்கும் அதே தண்டனை. பொய் சொன்னதற்கு எச்சரிக்கை தனி.

வராந்தாவில் பெஞ்சு முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"உங்க கோட்டுக்கு வாழ்வு வரணும்னு என் வண்டியில மண்ணப் போட்டீங்களே" என்றார் கேன் வண்டிக்காரர்.

"அவ்வளவு நல்லா கோடு போட்டு என்னத்தக் கண்டீங்க நீங்க?" என்றார் அழகு நிலையக்காரர்.

"நல்லா இருக்குன்னு இப்ப நீங்களே சொல்றீங்க பாருங்க" என்றார் கோட்டுக்காரர். காப்பீட்டு முகவர் மட்டும் பக்கத்தில் வந்து, இப்படிப்பட்ட சுபாவத்துக்கு விபத்துக் காப்பீடு மிகவும் அவசியம் என்று ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மச்சினன் தூணுக்குப் பின்னால் கேன் வண்டிக்காரருக்குப் பயந்து நின்றான். அங்கிருந்தே சொன்னான்: "மாமா, நாளைக்கு என்னை யாரு நம்புவா?"

"நம்பலன்னா நல்லதுதானே மாப்ள. வேற வாக்கியம் எழுதுவ."

இளம் போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார். சற்றுத் தயங்கினார். "சார், ஸ்டேஷன் முன்னாடி வண்டி நிறுத்தற எடத்துல கோடு இல்லாம ஒருத்தன் மேல ஒருத்தன் ஏத்தி வெக்கறானுங்க. ஒரு நாள் வந்து போட்டுத் தர முடியுமா?"

"துறைக்கு எழுதிப் போடுங்க தம்பி. ஆனா மூணு மாசம் பொறுக்கணும். உங்க சீட்டாலதானே லைசன்ஸ் முடங்கிக் கெடக்கு."

போலீஸ்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என் வேலையத்தான் சார் பாத்தேன்."

"சரியாத்தான் பாத்தீங்க. போட்டோல கோடு முழுசா விழுந்திருக்கு. பாதி பேரு வண்டிய மட்டும் எடுப்பாங்க."

பிறகு கோட்டுக்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்தில் இருந்த நகல் பிரிவுக்குப் போனார். சன்னலுக்குப் பின்னால் ஒரு எழுத்தர், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"தீர்ப்பு நகல் வேணும்."

"ஜெயிச்ச பார்ட்டியா, தோத்த பார்ட்டியா?"

"தோத்துட்டேன்."

"அப்ப அப்பீலுக்கா?"

"அப்பீலா? எதுக்குங்க? தீர்ப்பு நல்லா இருக்கு."

எழுத்தரின் பிஸ்கட் டீயில் உடைந்து விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தோற்றவர்கள் வருவார்கள், திட்டுவார்கள், அழுவார்கள். தீர்ப்பைப் பாராட்டி ஒருவர் வருவது அந்தச் சன்னலுக்குப் புதுசு. பின்னால் நின்ற மனைவிதான் விளக்கம் சொன்னார். "கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டறதுக்குங்க. ரெண்டு காப்பி குடுங்க. ஒண்ணு என் கடையில மாட்டறேன்."

கோட்டுக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். துணிக்கடையில், கத்தரிக்கோல்களுக்கும் ஊசிப் பெட்டிக்கும் மேலே, தன் தண்டனை தொங்கப் போகிறது. அதைவிட உயர்ந்த இடம் ஒன்று அவர் கற்பனைக்கு எட்டவில்லை.

நகல் கைக்கு வந்ததும் வெளிப்படியில் நின்று மனைவி படித்தார். 'எதிரி குற்றவாளி' என்று கணவரைச் சொல்கிற இடத்தை உதட்டுக்குள்ளேயே ஓட்டிவிட்டு, வேண்டிய இடத்தில் குரலை உயர்த்தினார். "'மேற்படி நிறுத்தக்கோடு நேராகவும், முழுமையாகவும், சாதாரணக் கண்பார்வை உள்ள எவருக்கும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்படியும் அமைந்துள்ளது என இந்த நீதிமன்றம் காண்கிறது.'"

"இன்னொரு தடவை" என்றார் கோட்டுக்காரர்.

இன்னொரு தடவை படித்தார். படியேறி வந்துகொண்டிருந்த யாரோ இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டு, சொத்து வழக்கில் ஜெயித்தவர்கள் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். கோட்டுக்காரர் அவர்களுக்கு நன்றி சொன்னார்.

மனைவி நகலை மடங்காமல் கைப்பையில் வைத்தார். லைசன்ஸ் இல்லாததால் ஸ்கூட்டரை நீதிமன்ற வாசலிலேயே விட்டுவிட்டு, இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.

"நாளையிலேர்ந்து கொடியா?" என்று கேட்டார் மனைவி.

"கொடிதான்."

"நடு ரோட்டுல நின்னு, எல்லாரும் பாக்க."

"ஆமா."

மனைவி நடந்துகொண்டே, கோட்டுக்காரரின் சட்டை பின்புறம் கசங்கியிருந்ததை, மச்சினன் பிடித்து இழுத்த இடத்தை, கையால் நீவிவிட்டார்.

"நேரா புடிங்க" என்றார்.